திருகோணமலைக்கு ஒரு கேளிக்கைப் பூங்கா: டென்மார்க்கின் இரண்டு பழைய பூங்காக்கள் காட்டும் வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திருகோணமலை நகரில் சிறுவர்களுக்கும் குடும்பத்தினருக்குமென நிரந்தரமான கேளிக்கைப் பூங்கா ஒன்று அமைய வேண்டும் என்ற கருத்து, பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இங்கு பேசப்படுவதும், விடுமுறை முடிந்ததும் கைவிடப்படுவதும் வழக்கமாகிவிட்டது. இம்முறையாவது அந்தப் பேச்சு ஒரு திட்டமாக உருப்பெற வேண்டும் என்ற விருப்பத்தினால் இக்கடிதத்தை எழுதுகிறேன். எத்தகைய பூங்கா, எவ்விடத்தில், எந்தக் கட்டண முறையில் என்ற வினாக்களுக்கு விடை தேடுவோருக்கு, நெடுங்காலமாக இயங்கிவரும் பூங்காக்களின் வரலாறு பெரிதும் உதவும். உலகின் மிகப் பழைய கேளிக்கைப் பூங்காக்களில் இரண்டு டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனிலும் அதன் அயலிலும் உள்ளன. அந்நாட்டில் குடியேறி வாழும் என் மகளின் குடும்பத்தாரோடு தங்கியிருந்த காலத்தில் அவ்விரண்டையும் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், பேரப்பிள்ளைகள் இராட்டினத்தில் ஏறிய வேளைகளில் அந்த இடங்கள் எப்படித் தோன்றின என்பதைக் கேட்டறிவதிலேயே என் கவனம் சென்றது.

முதலாவது, கொப்பன்ஹேகனுக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பாக்கன். உலகில் இன்றும் இயங்கிவரும் கேளிக்கைப் பூங்காக்களுள் மிகப் பழையதாக இதுவே கருதப்படுகிறது. இதன் தொடக்கத்தை 1583 ஆம் ஆண்டில் வைக்கிறார்கள். கேர்ஸ்டன் பீல் என்ற பெண் காட்டுக்குள் ஓர் ஊற்றைக் கண்டதாகவும், அதன் நீர் நோய் தீர்க்கும் என்று நம்பிய மக்கள் கோடைகாலத்தில் அங்கே திரளத் தொடங்கியதாகவும் அந்நாட்டு மரபு கூறுகிறது. நீர் அருந்த வந்தவர்களுக்கு உணவு விற்கக் கடைக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் கூடும் இடத்தைத் தேடி வித்தைக்காரர்களும் இசைக்காரர்களும் வந்தார்கள். பின்னர் ஊஞ்சல்களும் இராட்டினங்களும் வந்து சேர்ந்தன. ஒரு மன்னரோ வணிகரோ வரைபடம் போட்டுக் கட்டிய இடமன்று அது. மக்கள் ஏற்கெனவே விரும்பிக் கூடிய ஓரிடத்தைச் சுற்றி, தலைமுறை தலைமுறையாகப் படிந்து வளர்ந்த இடம்.

அந்தக் காடு ஒரு மான்காடு என்பதைக் கேட்டபோது, புள்ளிமான்கள் திரியும் திருகோணமலையை நினையாதிருக்க என்னால் முடியவில்லை. 1669 இல் டென்மார்க் மன்னர் மூன்றாம் பிரெடரிக் அக்காட்டை வேலியிட்டு அரச வேட்டைக்கான மான்வனமாக்கினார். அவருக்குப் பின் வந்த மன்னர் அதனை மேலும் விரிவுபடுத்தினார். பொதுமக்கள் உள்ளே செல்ல முடியாத நிலை ஏற்பட்டது. 1756 இல் ஐந்தாம் பிரெடரிக் மன்னர் வனத்தை மீண்டும் மக்களுக்குத் திறந்துவிட்ட பின்னரே பாக்கன் செழித்தது. 1863 இல் அருகிலுள்ள கிளாம்பன்போர்க் வரை புகையிரதப் பாதை போடப்பட்டதும், தலைநகரின் தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு சென்று வருவது எளிதாயிற்று. இன்றும் அந்த வனத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் மான்கள் திரிகின்றன. பார்வையாளர்களின் மோட்டார் வாகனங்களுக்கு அங்கே இடமில்லை; புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகலாம், அல்லது குதிரை வண்டியில் போகலாம். வேட்டைக்கென வகுக்கப்பட்ட அந்த நிலத்தோற்றம் 2015 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நானூறு ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஒரு கேளிக்கை இடம் இன்றும் இயங்கியும் மான்களும் மரங்களும் காக்கப்பட்டிருக்கின்றன என்பதே பாக்கனில் என்னை மிகவும் வியக்க வைத்த விடயம்.

பாக்கனின் வாயிலில் நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே சென்று நாள் முழுவதும் நடக்கலாம். மர நிழலில் அமர்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை உண்ணலாம். எந்த இராட்டினத்தில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் பணம் செலுத்தினால் போதும். 1932 இல் மரத்தால் கட்டப்பட்ட ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. வெள்ளை உடையணிந்த பியரோ என்ற கோமாளி, பல தலைமுறைகளாக ஆள் மாறினாலும் உடை மாறாமல், சிறு பிள்ளைகளுக்குக் கதையும் வேடிக்கையும் காட்டிவருகிறார். அந்தக் கோமாளியின் முன்னால் தரையில் அமர்ந்திருந்த குழந்தைகளுள் வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். வாயிலில் பணம் கேட்கப்பட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட விரும்புகிறேன். டேனியருக்கும் நமது ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஓவே ஜெட்டே என்பவரின் தலைமையில் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 1620 இல் இலங்கையை அடைந்தன. கண்டி மன்னன் செனரத்துடன் பேச்சு நடத்திய டேனியர், திருகோணமலையில் கோட்டை ஒன்றைக் கட்டவும் முற்பட்டார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. அதே ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் அவர்கள் தங்கிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1624 இல், போர்த்துக்கேயர் இங்கே கோட்டையைக் கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினார்கள். கோட்டைகளுக்காகவும் துறைமுகத்துக்காகவும் பல நாடுகள் போட்டியிட்ட நகரம் இது. அதன் அழகிய நிலங்களிற் பெரும்பகுதி, நூற்றாண்டுக் கணக்காகப் படைத் தேவைகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ள வேண்டும். ஏனெனில், நான் சொல்லவிருக்கும் இரண்டாவது பூங்கா ஒரு கோட்டை நிலத்திலேயே பிறந்தது.

கொப்பன்ஹேகனின் நடுவில் உள்ள டிவோலி, 1843 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி திறக்கப்பட்டது. அதனை நிறுவிய கியோர்க் கார்ஸ்டன்சன் அல்ஜியர்ஸ் நகரில் பிறந்தவர். பாரிசிலும் லண்டனிலும் இருந்த பொழுதுபோக்குத் தோட்டங்களை முன்மாதிரியாகக் கொண்டவர். அப்போதைய மன்னர் எட்டாம் கிறிஸ்தியானிடம் ஐந்து ஆண்டுகளுக்கான அனுமதிப் பத்திரத்தைப் பெற்று, நகர மதிலின் மேற்கு வாயிலுக்கு வெளியே, பாதுகாப்புக்கென வெறுமையாக விடப்பட்டிருந்த ஏறத்தாழ 15 ஏக்கர் நிலத்தில் பூங்காவை அமைத்தார். பிற்காலத்தில் மதில்கள் இடிக்கப்பட்டு நகரம் நாற்புறமும் விரிந்தபோது, ஒதுக்குப்புறமாயிருந்த பூங்கா நகரின் மையமாகிவிட்டது. எதிரியைத் தடுக்க வெட்டப்பட்ட அகழியின் ஒரு பகுதி இன்று பூங்காவின் ஏரியாக இருக்கிறது. மாலையில் விளக்குகள் ஏற்றப்பட்ட பின் அதன் கரையில் நின்று பார்ப்பவர்கள், அது அகழியாக இருந்தது என்று யாராவது சொன்னாலன்றி அறியமாட்டார்கள்.

டிவோலியின் கவர்ச்சிகளுள் என் மனத்தில் நிற்பவை பெரிய இயந்திரங்கள் அல்ல. 1914 இல் அமைக்கப்பட்ட மர ரோலர் கோஸ்டரில், இன்றும் ஒவ்வொரு தொடர்வண்டியிலும் தடையை இயக்கும் ஊழியர் ஒருவர் அமர்ந்து செல்கிறார். பள்ளத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவருடைய கையே. 1874 இல் கட்டப்பட்ட ஊமை நாடக அரங்கின் திரை, தோகை விரித்த மயிலின் வடிவிலானது. பார்வையாளர்கள் திறந்த வெளியில் நின்றபடி நாடகத்தைப் பார்க்கிறார்கள். பூங்கா திறந்த மறு ஆண்டே, 1844 இல், சிறுவர் காவற்படை என்ற பெயரில் பிள்ளைகளின் வாத்திய அணி ஒன்று உருவாக்கப்பட்டது. சீருடை அணிந்த பிள்ளைகள் இன்றும் வாத்தியம் இசைத்தபடி பூங்காவுக்குள் அணிவகுத்து வருகிறார்கள். பூப்பாத்திகள் நேர்த்தியாகப் பேணப்படுகின்றன. கலிபோர்னியாவில் 1955 இல் தமது பூங்காவைத் திறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வோல்ட் டிஸ்னி இங்கு வந்து, இதன் துப்புரவையும் ஒழுங்கையும் கண்டு பாராட்டியதும் பதிவாகியுள்ளது.

போர் அந்தப் பூங்காவையும் விட்டுவைக்கவில்லை. ஜேர்மனியரின் ஆக்கிரமிப்புக் காலத்தில், 1944 ஜூன் மாதம், நாசிகளுக்கு ஆதரவான நாசவேலைக் குழுவினர் அதற்குத் தீ வைத்தார்கள்; இசை மண்டபம் உட்படப் பல கட்டடங்கள் அழிந்தன. ஆயினும் சில வாரங்களுக்குள் தற்காலிகக் கொட்டகைகளோடு பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. வியன்னா நகரில் 1897 இல் எழுப்பப்பட்ட புகழ்பெற்ற இராட்சத இராட்டினமும் அதே 1944 இல் எரிந்து, போரின் பின்னர் முப்பது கூண்டுகளுக்குப் பதிலாகப் பதினைந்து கூண்டுகளோடு மீண்டும் சுழலத் தொடங்கியது. வீடும் பாலமும் இல்லாத காலத்தில் இராட்டினம் எதற்கு என்று அந்நகரத்தவர்கள் கேட்கவில்லை. போரைக் கண்ட பிள்ளைகளுக்குச் சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நீண்ட போரையும் 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையும் கண்ட நமது மாவட்டத்தில், அந்த உணர்வு இன்னும் செயல்வடிவம் பெறவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

நமக்கு இன்றுள்ளது தற்காலிகக் களியாட்டம் மட்டுமே. பண்டிகைக் காலங்களில் மைதானங்களில் இராட்டினமும் மரணக்கிணறும் ஆடும் கப்பலும் வந்து இறங்குகின்றன. தும்பு மிட்டாய்க் கடைகளும் கச்சான் கடைகளும் சூழ்ந்துகொள்கின்றன. ஒலிபெருக்கிகள் நள்ளிரவு வரை முழங்குகின்றன. சில வாரங்களில் எல்லாம் பிரித்து ஏற்றப்பட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. அந்தத் தொழிலாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவர்களால் எத்தனையோ பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டப்படும் இயந்திரத்தின் ஆணியும் அச்சும் தேய்ந்துகொண்டே போகும். மணல் தரையில் அவசரமாக நிறுத்தப்படும் இராட்டினத்துக்கு உறுதியான அத்திவாரம் இல்லை. மின்கம்பிகள் தரையில் கிடக்கின்றன. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஒதுங்க இடமோ மலசலகூடமோ இல்லை. நிரந்தரப் பூங்காவை நான் வலியுறுத்துவதற்கு முதற் காரணம் பிள்ளைகளின் உயிர்ப்பாதுகாப்பே.

கோணேசர் கோயிலும் சுவாமிமலையும், கன்னியா வெந்நீரூற்றுகளும், நிலாவெளிக் கடலும், 2003 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவும் இருக்கும்போது செயற்கையான பூங்கா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனினும் கோயிலும் கன்னியாவும் வழிபாட்டோடும் முன்னோர் கடன்களோடும் இணைந்த இடங்கள்; அங்கே பிள்ளைகளை ஓடி விளையாட விடுவது முறையாகாது. கடற்கரை எல்லோருக்கும் உரியதே என்றாலும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிறுவர்களை அதன் அருகே விட இயலாது. புறாத்தீவுக்குப் படகுக் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் செலுத்தி ஒரு குடும்பம் சென்றுவருவதற்கு ஆகும் செலவு, கூலி வேலை செய்பவருக்கு எட்டாதது. நமது மாவட்டத்தின் இயற்கை அழகை வெளிநாட்டுப் பயணிகள் அனுபவிக்கும் அளவுக்கு, மூதூரிலோ வெருகலிலோ தம்பலகாமத்திலோ பிறந்த பிள்ளை அனுபவிப்பதில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்பு, பாதை என்னும் மிதவைப் படகுக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. அப்பகுதிகளின் பிள்ளைகள் காலையில் புறப்பட்டு வந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய வசதி ஏற்பட்டிருக்கிறது. வந்த பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதற்கே விடை இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, கோட்டைக்குள்ளும் கோயில் வீதியிலும் கேளிக்கைப் பூங்கா அமைக்கும் எண்ணம் எவருக்காவது இருந்தால் அதனை இப்போதே கைவிட வேண்டும். அங்கு திரியும் புள்ளிமான்கள் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கின்றன. உணவு தேடி வீதிக்கு வரும் மான்கள் வாகனங்களில் அடிபடுவதையும், நாய்களால் கடிபடுவதையும், பொலித்தீன் பைகளை விழுங்கி இறப்பதையும் இந்நகரத்தவர் அனைவரும் அறிவர். பாக்கனில் மான்கள் பிழைத்திருப்பதற்குக் காரணம், பரந்த வனமும் வாகனத் தடையும் உணவுக் கழிவை உடனுக்குடன் அகற்றும் ஒழுங்கும் ஆகும். அவை மூன்றும் கோட்டைப் பகுதியில் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்தும் புகையிரத நிலையத்திலிருந்தும் எளிதில் சென்றடையக்கூடிய, கடலரிப்புக்கு அப்பாற்பட்ட, உரிமைப் பிணக்கு எதுவும் இல்லாத பொதுக் காணி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே ஏற்றது. அங்கே முதலில் நடப்பட வேண்டியவை மரங்கள். வேம்பும் மருதும் புங்கும் வளர்ந்து நிழல் தருவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். நமது வெயிலில் நிழலில்லாத பூங்காவுக்குப் பகலில் எவரும் வரமாட்டார்கள்.

கட்டணத்தில் பாக்கனின் முறையையே நாம் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். இராட்டினங்களுக்கு மட்டும் சிறு தொகை அறவிடப்படட்டும். உள்ளே நுழைவதற்கே பெருந்தொகை கேட்கும் பூங்கா, நகரின் ஒரு பகுதியினரை வேலிக்கு வெளியே நிறுத்திவிடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இந்த மாவட்டத்தில், பிள்ளைகள் மொழி வேறுபாடின்றி ஒரே ஊஞ்சலுக்காகக் காத்து நிற்கும் இடங்கள் மிகச் சில. செல்வரும் எளியவரும் ஒரே பாதையில் நடக்கும் தோட்டமாகவே டிவோலியை கார்ஸ்டன்சன் அமைக்க விரும்பினார் என்பார்கள். அந்த விருப்பத்தை நமது நகரத்தில் நிறைவேற்றக்கூடியது கட்டணமில்லாத வாயிலே. பராமரிப்புச் செலவுக்கு இராட்டினக் கட்டணத்தோடு கடை வாடகையும் துணை செய்யும். கடைகளை உள்ளூர்ப் பெண்கள் குழுக்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் வழங்கினால் பிட்டும் இடியப்பமும் வட்டிலப்பமும் நியாயமான விலையில் கிடைக்கும். பல குடும்பங்களுக்கு வருமானமும் வரும்.

இயந்திரங்களை வாங்கும்போது உயரத்திலும் வேகத்திலும் போட்டியிட வேண்டியதில்லை. 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்காக ஜோர்ஜ் பெரிஸ் கட்டிய முதல் இராட்சத இராட்டினம் 264 அடி உயரமானது. 36 கூண்டுகளைக் கொண்டது. அது அந்நகரத்தின் தேவை. உயரத்திலிருந்து கடலைக் காண சுவாமிமலையே நமக்கு இருக்கிறது. நமக்கு வேண்டியவை நடுத்தர உயரமுள்ள இராட்டினம் ஒன்று, குதிரை இராட்டினம் ஒன்று, சிறு புகைவண்டி, சறுக்குகள், ஊஞ்சல்கள், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளும் ஏறக்கூடிய சில விளையாட்டுகள். உப்புக்காற்று வீசும் ஊரில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், துத்தநாகப் பூச்சிட்ட அல்லது துருவேறாத உருக்கினாலான பாகங்களைக் கோருவதும், தகுதி பெற்ற பொறியியலாளரைக் கொண்டு காலந்தோறும் பரிசோதித்து, அதன் சான்றிதழை ஒவ்வொரு இராட்டினத்தின் அருகிலும் மூன்று மொழிகளிலும் காட்சிக்கு வைப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். மாரி மாதங்களில் பெரிய இயந்திரங்களை நிறுத்திவைத்துப் பராமரிக்கலாம். பாக்கனும் குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடப்பட்டே கிடக்கிறது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

ஊமை நாடக அரங்கைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய எண்ணத்தையும் கூறுகிறேன். நமது பூங்காவில் சிறிய திறந்த அரங்கு ஒன்று அமைந்தால், கிழக்கு மாகாணத்தின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும், முஸ்லிம் மக்களின் பொல்லடியும், சிங்களக் கிராமிய ஆடல்களும் வார இறுதிகளில் அங்கே இடம்பெறலாம். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விழாவுக்கும் வெளியே கூத்தைக் காணும் வாய்ப்பு இன்றைய பிள்ளைகளுக்கு அரிதாகிவிட்டது. விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பயிற்சி பெறும் நமது பாடசாலைகளின் பாண்ட் வாத்திய அணிகள், முறைவைத்து மாலை வேளைகளில் பூங்காவைச் சுற்றி இசைத்து வரலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாடசாலை அதிபர்களும் பூங்கா நிர்வாகமும் ஒருமுறை கூடிப் பேசினாலே போதும். பூங்காவின் சுவர்களில், கோட்டையின் வரலாற்றையும் துறைமுகத்தின் வரலாற்றையும் படங்களோடு எழுதி வைத்தால், வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் தம் ஊரை அறிந்துகொள்வார்கள்.

பொறுப்பு வாய்ந்தவர்களிடம் நான் வேண்டுவது இதுவே. இத்தகைய பூங்கா ஒன்றுக்கான திட்டம் எப்போது வரையப்பட்டாலும், கேள்விப்பத்திரம் கோரப்படுவதற்கு முன்பே அதன் வரைபடத்தையும் கட்டண விபரத்தையும் பொது நூலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் எழுத்தில் கருத்துக் கூறுவதற்குப் போதிய கால அவகாசம் வழங்க வேண்டும். காணி எந்த நிறுவனத்துக்கும் விற்கப்படாமல் பொதுவுடைமையாகவே இருக்கும் என்பதையும், வாயிலில் கட்டணம் அறவிடப்படாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். டிவோலிக்கு முதலில் வழங்கப்பட்ட அனுமதி ஐந்து ஆண்டுகளுக்கானதே. அதுபோல இங்கும் குத்தகைக் காலத்தைக் குறுக்கி, பராமரிப்பும் பாதுகாப்பும் திருப்திகரமாக இருந்தால் மட்டும் புதுப்பிப்பது நல்லது. இவ்விடயத்தில் கருத்துள்ள ஏனைய வாசகர்களும், குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் தாய்மாரும், தங்கள் நாளிதழுக்கு எழுத வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை வரலாற்று ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.